பந்தெலிஸ் நிரப்பிய சொல்

பழங்கிரேக்கக் கடிதங்களில் கிழிந்துபோன சொற்களை ஊகித்து நிரப்புவதுதான் ஏதென்ஸில் பேராசிரியர் பந்தெலிஸின் பிழைப்பு. நாற்பது வருஷங்களில், தொலைந்த துண்டு எது கிடைத்தாலும் அதில் அவர் நிரப்பிய சொல்லே இருந்தது.

"நீங்களே எழுதிக் கிழிச்சுப் போட்டதா, புரொபசர்?" என்று சீண்டுவாள் கூட வேலை பார்க்கும் தெக்லா.

இன்றைய கடிதம் "என் மனைவி" என்பதோடு கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கும் தன் மனைவி தெஸ்பினாவை நினைத்துக்கொண்டு, "பிழைத்துவிட்டாள்" என்று நகலில் பென்சிலால் அழுத்தி எழுதினார்.

மதியம் தெக்லா ஓடிவந்தாள். "மிச்சத் துண்டு கெடச்சிருச்சு! இந்த வாட்டியும் உங்க சொல்தான். ஆனா அதுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு வார்த்தை இருக்கு."

துண்டைப் பொருத்திப் படித்தார்.

"என் மனைவி பிழைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடித்தது. பந்தெலிஸ் ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.