பதினொரு மணி மெமரி

இறந்துபோன இலக்கியாவின் பேச்சும் நினைவுகளும், காய்ச்சலில் கிடந்த கடைசி நாள்வரை, வீட்டு சர்வரில் ஒரு கன்டெய்னருக்குள், தனியாக அடைத்த மென்பொருள் பெட்டிக்குள் இருந்தன; இயக்கினால் அவளாகவே பேசும். ஸ்டோரேஜில் எண்பது ஜிபி. கணவன் மதிவாணன் அதை ஒருமுறைகூட இயக்கியதில்லை. இயங்கும்போது மட்டும் செலவாவது மெமரி; இயக்காதவரை அது பூஜ்யத்தில்தான் நிற்க வேண்டும்.

ஆனால் தினமும் காலை பதினொரு மணிக்கு மெமரி ஏறியது, பத்து நிமிடத்தில் இறங்கியது. ஸ்டோரேஜ் துளியும் கூடவில்லை. யாரோ அவளை எழுப்பிப் பேசிவிட்டு, பேசியதைப் பதியாமல் அணைக்கிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் அவளுடைய அப்பா தனபால் மட்டும்தான்.

ஒருநாள் மதிவாணன் அலுவலகத்திலிருந்து பாதியில் திரும்பி வந்து அவர் அறை வாசலில் நின்றான். அவர் திரையை அணைத்தார்.

"அவகிட்ட என்ன கேட்டீங்க மாமா?"

தனபால் மழுப்பவில்லை. "காய்ச்சல் வந்த மொத நாளே ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு மாப்பிள்ளைகிட்டச் சொன்னியா கண்ணுன்னு கேட்டேனுங்க."

"தினமுமா?"

"ஆமாங்க. நேத்துக் கேட்டது ஞாபகம் இருந்தா, அதே பதிலை ஒப்பிச்சிருவாளே. அதான் பதியறதில்ல."

"என்ன சொல்றா?"

"'நான்தாம்ப்பா வேண்டாம்னேன், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க'ங்கறா. நாப்பது நாளா ஒரு வார்த்தை மாறல. உங்களைச் சந்தேகப்பட்டது என் தப்புங்க மாப்பிள்ளை."

அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மதிவாணன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த முதல் நாள், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவள் இரண்டு முறை கேட்டாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னவன் அவன்தான்.