கடைசி பீரியட்

“அம்மா, மெர்கேப்டன் வாசனை வருதும்மா.”

பள்ளி விட்ட பிறகும் ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவளுக்கு, செல்லில் அதைக் கேட்டதும் முதலில் சிரிப்புதான் வந்தது. பெருமையான சிரிப்பு.

சமையல் கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று அதில் கலக்கிற பொருளின் பெயர் அது. போன வாரம்தான் வகுப்பில் நடத்தினாள். மகள் மதிவதனியும் அதே வகுப்பு. பார், எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாள்!

அப்புறம்தான் உறைத்தது.

மகள் வீட்டில் தனியாக இருக்கிறாள்.

“அடுப்பை அணைச்சியா?”

“அணைஞ்சிடுச்சும்மா. பால் பொங்குச்சு. அதுவே அணைஞ்சிடுச்சு.”

அணைச்சேன் என்று சொல்லவில்லை.

அணைஞ்சிடுச்சு என்கிறாள்.

தீ மட்டும்தான் போயிருக்கிறது. திருகு திறந்தே கிடக்கிறது. எவ்வளவு நேரமாகவோ.

“ஒரே நாத்தம்மா. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா போயிடும்ல?”

“போடாதே!”

எதிர் மேசைத் தமிழய்யா பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

“மதி, சுவிட்ச்சுல கை வைக்காதே. ஒரு பொறி போதும், வெடிச்சிடும். எதையும் தொடாதே. வாசக்கதவைத் திறந்து போட்டுட்டுக் கீழ ஓடு. ஓடுடி!”

லைன் கட்டானது.

அவள் கட் பண்ணினாளா, தானாகக் கட்டானதா, அல்லது...

அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

ஓடினாள். வீடு பக்கத்துத் தெருதான். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கெமிஸ்ட்ரி டீச்சர் நடுரோட்டில் ஓடுவதைப் பூக்கடைக்காரம்மா எழுந்து நின்று பார்த்தாள். “என்னாச்சு டீச்சர்?”

ஒரு சத்தம் கேட்டுவிடக் கூடாது, கேட்டுவிடக் கூடாது என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓடினாள்.

அடுப்படிப் பக்கம் வராதே, போய்ப் படி.

சொன்னது இந்த வாய்தான்.

என் பொண்ணுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது டீச்சர் என்று ஸ்டாஃப் ரூமில் பீற்றிக்கொண்டதும் இதே வாய்தான். அதில் ஒரு சிரிப்பு வேறு. படிக்கிற பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிற சிரிப்பு.

பாவி. பாவி.

கீழ்வீட்டு வாசற்படியில் மதி உட்கார்ந்திருந்தாள். முழுசாக. முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

அடிக்கவா அணைக்கவா என்று கைக்கே தெரியவில்லை. அணைத்தாள். விடவே மனசு வரவில்லை.

பிறகு மாடிக்குப் போனாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, விளக்குப் போடாமல், தடவித் தடவித் திருகை மூடினாள். ரெகுலேட்டரை மூடினாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான். ஒரு குழந்தைக்குக்கூடச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

கீழே வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி கிளாஸ் குரூப்ல கேட்டேம்மா,” என்றாள் மதி. “யாருக்கும் தெரியல.”

செல்லை நீட்டினாள்.

வீட்ல ஒரே கேஸ் நாத்தம், என்னடி பண்றது?

அதற்குக் கீழே வரிசையாகப் பதில்கள்.

எத்தில் மெர்கேப்டன்.

எத்தில் மெர்கேப்டன்டி, ஒரு மார்க் கொஸ்டின்.

அதுல சல்ஃபர் இருக்கு, அதான் நாத்தம்.

கெமிஸ்ட்ரி மிஸ் பொண்ணு நீ, எங்கள டெஸ்ட் பண்றியா?

ஃபேன் போடுடி, போயிடும்.

கடைசிப் பதிலை எழுதியது யார் என்று பார்த்தாள். நிவேதா. வேதியியலில் எப்போதும் அவள்தான் முதல். அந்தப் பதிலுக்குக் கீழே நிறையக் கட்டைவிரல்கள்.

எல்லாம் அவள் பிள்ளைகள்தான். வேதிப்பெயர் ஒன்றுகூடத் தப்பில்லை. கண்ணை மூடிக்கொண்டு மார்க் போடலாம்.

நாளை வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் கடைசி பீரியட், வாழ்க்கைத் திறன். கால அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது. பள்ளி திறந்ததிலிருந்து அதை வாங்கி வேதியியல் நடத்துவது அவள்தான். போன வாரம்கூட அந்தப் பாடத்துக்கான லூர்துமேரி டீச்சர் ஒரு வயர்க்கூடையோடு வகுப்பு வாசல்வரை வந்தார். “போர்ஷன் முடியல டீச்சர், கோவிச்சுக்காதீங்க,” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

கூடையில் என்ன என்று கேட்கவில்லை.

இவளுக்காவது அம்மா போனை எடுத்தாள். அந்த வகுப்பில் பாதிப் பேரின் அம்மாக்கள் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிகிறவரை செல்லைத் தொட விடமாட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் யாரைக் கூப்பிடும்?

அவளால் அந்த வரிசையை மறுபடி பார்க்க முடியவில்லை. செல்லை மகள் மடியில் வைத்தாள். விரல்களில் இன்னும் அந்த வாசனை இருந்தது. புடவையில் துடைத்தாள். போகவில்லை.

செல் அதிர்ந்தது. குரூப்பில் நிவேதா.

மதி சத்தமாகப் படித்தாள். “நாளைக்கும் கடைசி பீரியட் உங்கம்மாதானேடி? டெஸ்ட் இருக்கான்னு கேட்டுச் சொல்லு.”

அவள் கையை முகர்ந்தபடியே இருந்தாள்.

“அம்மா, உன்னைத்தான். என்ன சொல்லட்டும்?”