மூன்று காலி அறைகள்

"உங்க அப்பாதாங்க கொலைகாரர். எனக்கு இதுல துளி சந்தேகமும் இல்ல."

வந்த வீட்டில் காப்பியைக் குடித்துவிட்டுச் சொல்லும் பேச்சா இது? பல் டாக்டருக்குச் சுருக்கென்றது. எதிரில் இருந்தவர் பழைய கொலைகளைத் தோண்டிப் புத்தகம் எழுதுகிற எழுத்தாளர். ஓவியராக இருந்து மறைந்த அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவார் என்று நம்பி அவரை உள்ளே விட்டது அவளுடைய தப்பு.

"வார்த்தையை அளந்து பேசுங்க சார். எங்க அப்பா பேர்ல இந்த ஊர்ல ஒரு வீதியே இருக்கு. பள்ளிக்கூடப் புத்தகத்துல அவர் படம் இருக்கு. கொசுவைக்கூட அடிக்க மாட்டார், ஊதித்தான் விடுவார்."

"கொசு என்ன பண்ணுச்சு அவரை? இந்தப் பொண்ணுங்க விஷயம் வேற டாக்டர்."

நாற்பது வருஷத்துக்கு முந்தைய கதை அது. அப்பா பார்த்து வரைவதற்காக முன்பு வந்து உட்கார்ந்த மூன்று பெண்கள், ஒரே வருஷத்தில், அவரவர் வாடகை அறையில் தலையணையால் அமுக்கிக் கொல்லப்பட்டார்கள். போலீஸ் தலைகீழாக நின்றும் ஆள் அகப்படவில்லை. அப்பாவுக்குப் பெரிய பேர் வாங்கித் தந்த 'காலி அறைகள்' ஓவியங்கள் மூன்றும் அதே வருஷம்தான் வெளிவந்தன.

"அந்த மூணு பேரோடயும் அவருக்குப் பழக்கம் இருந்ததாப் பேச்சு" என்றார் எழுத்தாளர்.

"அபாண்டம்!"

மேசையின் மறுமுனையில் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கத்தி ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது. பாவம், கட்டின புருஷனைப் பற்றி இந்த வயசில் இதையெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

எழுத்தாளர் போட்டோக்களை மேசையில் பரப்பினார். "இது போலீஸ் எடுத்தது. இது உங்க அப்பா வரைஞ்சது. கண்ணாடியைப் பாருங்க."

மூன்று போட்டோக்களிலும் சுவர்க் கண்ணாடியை மூடி ஒரு துண்டு தொங்கியது. மூன்று ஓவியங்களிலும் அச்சு அசலாக அதே துண்டு.

"இந்தத் துண்டைப் பத்தி போலீஸ் வெளியில மூச்சு விடல. போன மாசம்தான் ஃபைலையே வெளியாள் பார்க்க விட்டாங்க. அந்த அறைக்குள்ள போகாம உங்க அப்பாவுக்கு இது எப்படித் தெரிஞ்சுது? அடுத்த வாரம் புத்தகம் அச்சுக்குப் போகுது. பதில் இருந்தா இப்பவே சொல்லுங்க, நிறுத்திடறேன்."

புத்தகம் வந்தால் வீதிப் பெயர்ப்பலகையை ஊர்க்காரர்களே பிடுங்கி எறிவார்கள். அப்பா படத்தின் மேல் காறித் துப்புவார்கள். செத்தவர் எழுந்து வந்து தனக்காகப் பேசப் போகிறாரா என்ன?

"வந்தா வந்துட்டுப் போகுது, விடும்மா" என்றாள் அம்மா. "போனவருக்கு இனிமே என்ன?"

"நீ சும்மா இரும்மா!"

ஊரார் வாயைத் திறக்க வைத்தே பிழைப்பவளுக்கு அன்று தன் வாயை மூடி வைத்திருக்க முடியவில்லை.

"அந்த வருஷம் அப்பாவுக்கு வலது கை விளங்காது சார். ஏணியிலேர்ந்து விழுந்து நரம்பு போயிடுச்சு. வெளியில தெரியாம மறைச்சு வெச்சிருந்தோம். சட்டைப் பட்டனைக்கூட நான்தான் போட்டு விடுவேன். தலையணையைத் தூக்கவே முடியாதவர், ஆளை அமுக்கினாராக்கும்!"

எழுத்தாளர் சிரித்தார். "பட்டன் போட முடியாத கைதான் பிரஷ்ஷைப் பிடிச்சு இவ்வளவு நுணுக்கமா வரைஞ்சுதா? காதுல பூ சுத்தாதீங்க டாக்டர்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்த வீட்டு வாசலைத் தாண்டாத ரகசியம் அது. ஆனால் அப்பாவின் மானத்தைவிட ரகசியமா பெரிசு?

"அப்பா வரையல சார்! அவர் பேர் எடுத்த படங்களை எல்லாம் வரைஞ்சது எங்க அம்மா. பொம்பளை பேரைப் போட்டா விலை போகாதுன்னு படம் வாங்கறவர் சொல்லிட்டாராம். அப்பா கையெழுத்தைக்கூட அம்மாதான் போடுவாங்க. நான் சின்னப் பொண்ணு, பக்கத்துலயே இருந்து பார்த்திருக்கேன். எங்கயாவது வெளியில போய்ட்டு வருவாங்க. வந்ததும் வராததுமா வரைய உட்கார்ந்துடுவாங்க."

எழுத்தாளர் போட்டோக்களையும் ஓவியங்களையும் மறுபடி ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டார். சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"அப்ப உங்க அப்பாவா இருக்க முடியாது" என்றார் மெதுவாக. "நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். மன்னிச்சுடுங்க."

அப்பாடா! நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ புரட்டித் தள்ளியது போல இருந்தது பல் டாக்டருக்கு. அப்பா பிழைத்தார். வீதிப் பலகை பிழைத்தது. அதோடு, இத்தனை காலம் அடுப்படியோடு ஒதுங்கிக் கிடந்த அம்மாவின் திறமையும் வெளியே வந்துவிட்டது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்! சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

அம்மா கோபித்துக்கொள்ளப் போகிறாளே என்று திரும்பிப் பார்த்தாள். இல்லை. வலித்த பல்லைப் பிடுங்கிப் போட்டதும் அவளிடம் வருகிறவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வருமே, அதே நிம்மதி அம்மாவின் முகத்தில் இருந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை எழுத்தாளர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யார்கிட்டயும் சொல்ல முடியாம இத்தனை வருஷம் தவிச்சுட்டேன் தம்பி. நல்லவேளை, நீங்க வந்தீங்க" என்றாள். "முதல் பொண்ணுகிட்டேர்ந்தே ஆரம்பிக்கட்டுமா?"