கரைக்குத் திரும்பும் சங்கு

“வாரது ஒன் பிள்ளை. அப்போ இருக்கது யாரு பிள்ளைளா, சங்கரம்மா?”

ஏரல் பஸ்ஸில் வந்த புழுதி முகத்தில் அப்படியே இருக்க, பிச்சம்மாள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். சொம்பில் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

தம்பி செந்தூர்பாண்டியின் முதல் மனைவி இறந்தபோது, தாயில்லாப் பிள்ளை வடிவைத் தோளில் போட்டு வளர்த்தவள் பிச்சம்மாள்தான். இரண்டாம் தாரமாக வந்த சங்கரம்மாளுக்கு இப்போது ஏழு மாதம். தன் வயிறு தெரிய ஆரம்பித்ததும் மூத்தவளை வீட்டைவிட்டுக் கிளப்புகிறாள் என்று சேதி வந்தால், பற்றிக்கொண்டு வராதா?

“அவ பாளையங்கோட்டைக்குத்தான் போவணும், மதினி. ஹாஸ்டல்ல எடம் கெடச்சாச்சு” என்றாள் சங்கரம்மாள். மீன் அரிந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

“உள்ளூர் காலேஜுலயும் எடம் குடுத்திருக்காவளாம்லா?”

“அது கணக்குப் படிப்பு. இங்கன வெலங்கியல்ல எடம் நெறஞ்சு போச்சு. பாளையங்கோட்டையிலதான் அது கெடச்சிருக்கு.”

“பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு ஆவாதோ?”

மூலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வடிவு மூக்கை உறிஞ்சினாள். பி.யூ.சி. முடித்த பெண், அழுகையில் மட்டும் இன்னும் சின்னப் பிள்ளை.

“நானும் அதத்தான் சொல்லுதேன், அத்தை. கணக்கே படிக்கேன், வீட்டுல இருக்கேன்னு. ஒரு வாரமா சித்தி முகங்குடுத்துப் பேசல. அடுப்படிக்குள்ளயே விட மாட்டேங்கா.”

“ஒங்கய்யா என்ன சொல்லுதான்?”

“சித்தி சொல்லுததத்தான் சொல்லுதாவ.”

‘வேற என்ன சொல்லுவான்?’ என்று பிச்சம்மாள் மனசுக்குள் தம்பியையும் ஒரு பாட்டம் திட்டிக்கொண்டாள்.

இந்தப் பிள்ளைக்கா இந்தக் கதி? ஆறு வயதில் சோற்றுப் பானைக்குள் நண்டு வளர்த்து அத்தையை அலற வைத்தவள்.

செந்தூர்பாண்டிக்குச் சங்குகளைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் வேலை. கடலில் குளித்து எடுத்து வரும் சங்கை, வட்டத் துளை போட்ட பலகையில் விட்டுப் பார்ப்பார்கள். துளைக்குள் நுழைந்துவிட்டால் சிறுசு. உயிரோடு கடலிலேயே விட்டுவிட வேண்டும். அப்படி ஒரு சின்னச் சங்கை வடிவு அந்த வயதில் ஒருநாள் கேட்டு வாங்கி, தண்ணீர் ஓரத்தில் பூப்போல வைத்தாள். அலை அதை உருட்டிக் கரையில் போட்டது. மறுபடி வைத்தாள். மறுபடியும் கரைக்கே வந்தது.

பார்த்துக்கொண்டிருந்த சங்குகுளிக்காரர், “பதனமா வச்சா கரைக்குத்தான் தாயி வரும்” என்று சிரித்துவிட்டு, அதை எடுத்து ஓங்கித் தூரமாக வீசினார். சங்குக்கு வலித்திருக்குமே என்று பிள்ளை அன்று முழுக்க அழுதது. அத்தை ஊட்டியும் சோறு இறங்கவில்லை.

“அத்தைக்குக் காப்பி போடணும். கருப்பட்டி வாங்கிட்டு வா, போ” என்று சங்கரம்மாள் வடிவைக் கடைக்கு விரட்டினாள்.

அவள் தலை மறைந்ததும் பிச்சம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். “நாளைக்கே பிள்ளையை நான் ஏரலுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். நீ ஒன் பிள்ளையோட சொகமா இரு.”

சங்கரம்மாள் அருவாமனையை ஒதுக்கி வைத்தாள். கையெல்லாம் மீனாக இருந்ததால் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

“தூக்கத்துலயும் நண்டு, சங்குன்னு பேசுத பிள்ளை, மதினி. அவளா கணக்குப் படிக்கப் போறா? எனக்குத் தாய் வீடு இல்ல. பேறுகாலத்துக்கு ஆளில்லன்னுதான் போவ மாட்டேங்கா. நல்லவிதமா எத்தனையோ சொல்லிப் பாத்தேன். சரி சித்தின்னு சொல்லுதா. பெட்டியில ரெண்டு சேலைய வைக்கா. பெறவு எங்காலைப் பாத்து, வீங்கியிருக்கேன்னு வெந்நி போட வந்துருதா.”

குரல் உடைந்தது.

“அந்தச் சங்கு கதைய எங்கிட்ட அவதான் சொன்னா. பதனமா வச்சா கரைக்குத்தானே வரும், மதினி?”

பிச்சம்மாள், வரும்போது வேண்டாம் என்று தள்ளிய சொம்பை எடுத்து மடமடவென்று குடித்தாள். வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

சங்கரம்மாளின் முகம் சட்டென்று இறுகியது. “இன்னும் பெட்டியக் கட்டலியா நீ?”

கருப்பட்டிப் பொட்டலத்தோடு நின்ற வடிவு, அத்தையைப் பார்த்தாள். தனக்காகப் பேச வந்த ஒரே ஆள்.

“என்னளா முழிக்க?” என்றாள் பிச்சம்மாள். “சித்தி சொல்லுதது காதுல விழலியா? பேறுகாலம் முடியுத வரைக்கும் நான் இங்கனதான் இருக்கப் போறேன். சீக்கிரம் கெளம்பு, நீ படுக்கிற பாய் எனக்கு வேணும்.”