டப்பி என்றால்

“அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுங்க,” என்றார் கெமாருக்காக வாதாடும் வக்கீலம்மா.

வினெட் சாட்சிக் கூண்டின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். உட்காரலாம் என்று நீதிபதி சொல்லியிருந்தார். அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை.

எதிரே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கெமார் உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயது. யாரோ இரவல் கொடுத்த கோட்டு தோளில் நிற்காமல் சரிந்து கிடந்தது.

அவன் தாடையில் ஒரு தழும்பு. சின்ன வயதில் சைக்கிளோடு விழுந்து, ரத்தம் ஒழுக அழுதுகொண்டே ஓடிவந்தவனுக்கு மருந்து போட்டது அவள்தான்.

நண்பன் ஜெவோனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டான் என்பது வழக்கு. குத்தியதைப் பார்த்தவர்கள் யாருமில்லை. கொலை நடந்த சந்துப் பக்கம் அவன் நடந்து போனது மட்டும் ஒரு கடைக் கேமராவில் பதிந்திருந்தது. அதோடு, அன்று மதியம் வேறொரு நண்பனுக்கு அவன் போனில் அனுப்பிய ஒரு வரி.

இன்னைக்கு ஜெவோனை டப்பி பண்ணப் போறேன்.

முந்தின நாள் ஒரு போலீஸ் அதிகாரி இதே கூண்டில் நின்று சாட்சி சொன்னார். லண்டனில் டோட்டன்ஹாம் பகுதிப் பையன்களின் பேச்சை வருடக்கணக்காகக் கவனித்து வருபவராம். டப்பி பண்ணுவது என்றால் கொல்வது என்று ஜூரிக்கு விளக்கினார். ஜூரியில் இருந்தவர்கள் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள்.

“ஜமைக்காவுல டப்பின்னா பேய்,” என்றாள் வினெட். “செத்தவங்க திரும்பி வர்றது.”

சின்ன வயதில் இருட்டியபின் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். பேய் ஒரு முறைதான் கூப்பிடும்; இரண்டாவது முறை கூப்பிட்டால்தான் மனிதர்.

லண்டனுக்கு வந்தபின் அந்தச் சொல்லை அவள் வேறு விதமாகக் கேட்டாள். தெருவில் ஆளுயரத்துக்கு ஒலிபெருக்கிகளை அடுக்கி இரண்டு கோஷ்டிகள் போட்டி போட்டுப் பாட்டு வைக்கும். ஜெயித்த கோஷ்டி, எதிராளியை டப்பி ஆக்கிவிட்டோம் என்று கூச்சல் போடும். அதுவரை பயந்து ஓடவேண்டிய ஒன்றாக இருந்தது, அடுத்தவனுக்குச் செய்கிற ஒன்றாகிவிட்டது.

“உங்க வீட்டுல கெமார் இதைச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?”

“எப்பப் பாத்தாலும் சொல்லுவான். அவனும் ஜெவோனும் என் சமையக்கட்டு மேஜையிலதான் டொமினோ ஆடுவாங்க. கட்டையை ஓங்கி அடிச்சு, டப்பி பண்ணிட்டேன்டான்னு கத்துவான். பஸ்ஸுக்கு முந்தி ஓடினா டப்பி. நான் பொரிச்சு வெச்ச வாழைப்பழத்துல கடைசித் துண்டைத் தின்னுட்டாலும் டப்பி.”

ஜூரியில் ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். வினெட் சிரிக்கவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோல் அவள் குரல் அவளுக்கே கேட்டது.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். மென்மையாகத்தான் கேட்டார்.

“கொல்றதுக்கும் அந்த வார்த்தையைச் சொல்றாங்க இல்லையா?”

“சொல்றாங்க.”

“அன்னைக்கு இவன் எந்த அர்த்தத்துல எழுதினான்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவள் கெமாரைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அது பயமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

“தெரியாது.”

“அப்புறம் எதுக்கு இவனுக்காக சாட்சி சொல்ல வந்தீங்க?”

பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் இருந்தது. அதை எடுத்தாள். குடிக்காமல் வைத்தாள்.

“இவனுக்காக வரலை. இவன் குத்தியிருந்தா, குத்தினதுக்கு உள்ள போடுங்க. எங்க வீட்டுல விளையாட்டாப் பேசின வார்த்தைக்காகப் போடாதீங்க.”

வக்கீல் உட்கார்ந்தார். போகலாம் என்றார் நீதிபதி.

அவள் படியிறங்கினாள். முன்வரிசையில் ஒருத்தி பாதி எழுந்து, இரண்டு கைகளையும் அவள் பக்கம் நீட்டினாள். கெமாரின் அம்மா லொர்னா. வினெட் அந்தக் கைகளைத் தொடாமல் கடந்து போனாள்.

எதிர்ப்பக்க வரிசைக்கு வந்தாள். காலையிலிருந்து அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது ஒரு கைப்பை இருந்தது. அக்கா டோரீன் அதை எடுக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“உன் வயித்துல பொறந்தவன்டி ஜெவோன்,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “அது ஞாபகம் இருக்கா உனக்கு?”

வினெட் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

ஜெவோன் செத்த ஒன்பதாம் நாள், வீடு நிறைய ஜனம் இருக்கும்போது, ஊர் வழக்கப்படி அவன் கட்டிலைத் திசை மாற்றிப் போட்டது டோரீன்தான். டப்பி வந்தால் தன் அறை என்று அடையாளம் தெரியாமல் போய்விட வேண்டும்.

மறுநாள் காலை எல்லோரும் கிளம்பிப் போனபின், வினெட் கட்டிலைப் பழையபடி இழுத்துப் போட்டாள். விரிப்பை உதறி விரித்தாள். தலையணையை அவன் வைக்கிற பக்கமே வைத்தாள்.