திரி ஊறும் நேரம்

அவர் பரணிலிருந்து பழைய திரி ஸ்டவ்வை இறக்கித் தரையில் வைத்தார். மனைவி செலின் பார்க்காத மாதிரி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

பேச்சு நின்று ஒரு வாரம் ஆகப்போகிறது.

குழம்பு ஊற்றவா என்று கேட்க வேண்டிய இடத்தில் கரண்டி பாத்திரத்தைத் தட்டும். போதும் என்பதற்கு அவர் தட்டை நகர்த்துவார். வீடு அப்படியும் நடக்கத்தான் செய்தது.

இன்று நடக்கவில்லை. மூன்று நாள் மழையில் தெரு முழுகிவிட்டது. கீழ்வீட்டார் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மின்சாரம் நேற்றே போனது, சிலிண்டர் காலையில் தீர்ந்தது. மாடியில் இவர்கள் இருவர் மட்டும். விடிந்ததிலிருந்து வயிற்றுக்குள் போனது ஆளுக்கு இரண்டு ரஸ்க்.

பேச்சு நின்றதற்குக் காரணமும் இந்த ஸ்டவ்தான் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

மகன் ரீகனுக்கு நிச்சயம் முடிந்து, சம்பந்தி வீட்டார் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவர் வழக்கம்போல அந்தக் கதையை எடுத்தார். கல்யாணமான புதிதில், முதல் சமையலன்று, புதுத் திரி போட்ட கையோடு செலின் ஸ்டவ்வைப் பற்றவைத்த கதை. எண்ணெய் மேலே வருவதற்குள் நெருப்பு வைத்தால் திரி கருகாமல் என்ன செய்யும்?

ஹார்பரில் ஃபிட்டராக இருந்தவர். எதையும் காரணத்தோடுதான் சொல்வார். திரியில் நூலுக்கும் நூலுக்கும் நடுவே சந்து இருக்கிறது. சந்து எவ்வளவு ஒடுக்கமோ, எண்ணெய் அவ்வளவு உயரம் தானாக ஏறும். யாரும் தள்ள வேண்டாம், இழுக்க வேண்டாம். பொறுமைதான் வேண்டும்.

"அது இவகிட்ட கெடையாது. அடுப்புப் பத்தவைக்கத் தெரியாதவளத்தான் என் தலையில கட்டிட்டாங்க."

சம்பந்தியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முப்பது வருடமாகக் கேட்ட கதைதான். ஆனால் அன்று மருமகளாக வரப்போகிறவளும் சிரித்தாள். செலினுக்குச் சுருக்கென்றது.

அன்றோடு வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது அவர் கம்பியைவிட்டுப் பழைய திரிகளை இழுத்துப் போட்டார். எப்போதோ வாங்கிவைத்த திரிக்கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கோத்தார். சைக்கிள் செயின் கழுவ வைத்திருந்த மண்ணெண்ணெயை அடியில் ஊற்றினார்.

வாசனை வந்தது.

அவளுக்கு அது போதும்.

கல்யாணமான புதிதில் இருந்த ஒற்றை அறை. கட்டிலும் அடுப்பும் ஒரே சுவரை ஒட்டி. வேலை முடிந்து வந்தவர், பசியை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல், வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போன புது மாப்பிள்ளை.

அவளுக்கா திரியைப் பற்றித் தெரியாது? தாய்வீட்டில் திரி மாற்றுவது அவள் வேலை. ஊறவிட வேண்டும் என்று தெரியும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி ஊறவிடுவது?

குச்சியைக் கிழித்துவிட்டாள்.

அறை முழுக்கப் புகை. அவர் கருகியதை வெட்டிவிட்டு மறுபடி ஊறவைத்தார். அந்த நேரத்தில்தான் இருவரும் முதன்முதலாக முகம் பார்த்துப் பேசினார்கள். அவர் சட்டைப்பையில் முந்திரி மக்ரூன் பொட்டலம் இருந்திருக்கிறது. அவளுக்கென்று வாங்கிவிட்டு, கொடுக்க வெட்கப்பட்டு, தானும் தின்னாமல் வைத்திருந்திருக்கிறார். பாதி நொறுங்கிப்போயிருந்தது. அப்படியொரு ருசியை அவள் அதற்குப் பிறகு கண்டதில்லை.

ஏன் பற்றவைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. புதுப்பெண் அதைத் தானாக எப்படிச் சொல்வாள்? பிறகு அது கதையாகிவிட்டது. கதையான பிறகு யார் கேட்கிறார்கள்?

அரிசிப் பாத்திரத்தோடு எழுந்தாள். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. களைந்த தண்ணீர் புடவையில் கொட்டியது. சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் எப்போதுமே பசி தாங்கமாட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். ஸ்டவ்வைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

தீப்பெட்டியில் குச்சி உரசும் சத்தம் கேட்டது.

திரிகளின் நுனி இன்னும் வெள்ளையாகவே இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

"எண்ணெ இன்னும் ஏறலைங்க," என்றாள். ஒரு வாரத்தில் முதல் வார்த்தை.

"தெரியும்ட்டி."

குச்சியை உள்ளே நீட்டினார்.

நுனிகள் பிடித்து, சிவந்து, கருகின. புகைதான் வந்தது. அவர் இருமிக்கொண்டு, அணைந்த குச்சியைக் கீழே போடத் தோன்றாமல் நின்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கன்னம் ஒட்டித்தான் இருந்தது, இப்போது வயதால்.

"அன்னைக்கு எனக்கும் தெரியும்," என்றாள்.

அவர் கத்தரிக்கோலை எடுத்துவந்து கருகிய நுனிகளை வெட்டினார். வெட்டியதையே திரும்பவும் வெட்டினார். மூக்கை உறிஞ்சினார், புகையாகத்தான் இருக்கும்.

பிறகு வந்து அதே சுவரில், அவள் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

எண்ணெய் ஏறட்டும் என்று.