பேக்கப்

எங்கள் இணைய வானொலியில் மெயின் சர்வர் பத்து விநாடி மௌனமாக இருந்தால், பேக்கப் சர்வர் தானாக ஒலிபரப்பை எடுத்துக்கொள்ளும். பிறகு மெயின் சரியாகி வந்தாலும் இடத்தைத் திருப்பிக் கொடுக்காது. மாறி மாறித் தாவினால் கேட்கிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்று நான்தான் அப்படி அமைத்தேன்.

அந்த மெயின் சனியன், ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பை மாட்டும்போதுதான் படுத்துக்கொள்ளும். “பேக்கப் ஓடுதுன்னு வீட்ல உக்காராதய்யா, வந்து பாரு” என்பார் மேனேஜர். இது மூன்றாவது ஞாயிறு.

“பாப்பாவ நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போக இன்னைக்காவது வருவீங்களா, மாட்டீங்களா?” என்று மனைவி போனில் கத்தினாள். திரையை முறைத்தபடி நான் பதில் சொல்லாமல் இருந்தேன். பத்து விநாடி இருக்கும். அவள் வைத்துவிட்டாள்.

மதியம், சமாதானம் சொல்லலாம் என்று கூப்பிட்டேன்.

“குளிச்சிட்டே எதுக்குங்க போன் பண்றீங்க? துண்டு வேணும்னா ஒரு சத்தம் குடுக்க வேண்டியதுதானே?” என்றாள். அவளுக்குப் பின்னால், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். சுருதி என்னைப் போலவே விலகியிருந்தது.

விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மணியை அடித்தேன். மகள் கதவைத் திறந்தாள். நீச்சல் முடித்து வந்த அவளுடைய தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

“அப்பா, யாரோ வந்திருக்காங்க.”

“இதோ வர்றேன்டா” என்றது என் குரல்.